மலைப்பாதை வைத்தியம்

"மெதுவாப் பேசுடா. தெருவுக்குக் கேக்கும்" என்று பல்லைக் கடித்தார் கல்யாணராமன். கார் ஷெட்டின் கதவைத் தாழிட்டுவிட்டு, காகிதத்தில் சுற்றிய அந்தப் பொருளைத் திருட்டு நகை போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடிக்காது சாமி. கோழி முட்டைதானே" என்றான் டிரைவர் தங்கப்பன். குரலில் மரியாதை இருந்தது. உதட்டில் இல்லை.

தங்கப்பன் மறுநாள் பட்டாளத்து லாரி ஓட்டப் போகிறான். சண்டைக்காலத்தில் வேறு டிரைவர் அகப்படவில்லை. சர்வே உத்தியோகமோ கல்லாற்றுக்கு மேலே மலைக்குள் வாராவாரம் இழுத்தது. அங்கே கார் நின்றுபோனால் யானையைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். அதனால் தன் டிரைவரிடமே குந்தி உட்கார்ந்து பாடம் கேட்கும்படி ஆயிற்று கல்யாணராமனுக்கு.

ட்யூப் வெடித்தால் டயருக்குள் வைக்கோலைத் திணிப்பது, ஃபேன் பெல்ட் அறுந்தால் கயிற்றை முறுக்கிக் கட்டுவது, பெட்ரோல் டாங்க் ஓட்டையில் சவுக்காரத்தைப் பிசைந்து அப்புவது எல்லாம் கற்றாகிவிட்டது. அவர் கை மசகில் கிடந்தபோது இவன் நிமிர்ந்து நின்றுகொண்டு, "இன்னும் இறுக்கிக் கெட்டணும் சாமி" என்பான். அதைக் கேட்டு அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மிச்சமிருந்தது ஒழுகும் ரேடியேட்டர். கொதிக்கிற தண்ணீரில் முட்டை வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று தங்கப்பன் சொன்னதிலிருந்து, தினம் காலையில் காருக்கு ஒரு முட்டை. அவன் ஊற்றி முடிக்கும்வரை இவர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நிற்பார்.

அப்படியும் ஒழுகியது. போன வாரம் கல்லாற்றுக்கு மேலே, கொட்டுகிற மழையில், காலில் அட்டை கடிக்க, தன் வெள்ளிக் கூஜாவில் அவரே ஓடைத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். அந்த அவமானம் இன்னும் தணியவில்லை.

"இன்னிக்கு நானே உடைச்சு விடறேன். உன் வைத்தியம் பொய்யா, நீ பொய்யான்னு பாத்துடலாம், கேட்டயோ?"

"சாமி எதுக்குத் தொடணும்? தீட்டுல்லா? நான் ஊத்திக்கிடுதேன்." தங்கப்பனின் பார்வை ஒரு நொடி கொல்லைக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

அங்கே படியில் அவர் மனைவி சூடாமணி நின்றிருந்தாள்.

"நீ ஏன் இங்கே நிக்கறே? மாசமா இருக்கிறவ பாக்கற காட்சியா இது? உள்ளே போ."

"பாக்கலை. நிக்கறேன்." அவள் நகரவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம். மூன்று முறை தங்காமல் போன வயிறு. 'உடம்பில் ரத்தமே இல்லை, இதுவும் தங்காது' என்று சொல்லி ஆஸ்பத்திரி டாக்டரம்மா சாப்பிடச் சொன்ன பத்தியத்தை, "அந்த வாசனையே இந்த ஆத்துக்குள்ளே வரப்படாது. குழந்தை இல்லேன்னா இல்லை" என்று அவர் ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து சூடாமணி அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஆனால் அவர் வாங்கித் தந்த லேகியம் ஜெயித்துவிட்டது. கன்னம் நிறைந்து, நகக்கண்ணில்கூடச் சிவப்பேறியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மாவையும் பெண்டாட்டியையும் சேர்த்துத் தோற்கடித்த திருப்தி அவருக்கு.

தங்கப்பன் எஞ்சினைக் கிளப்பிச் சூடேற விட்டான். ரேடியேட்டரின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர், தரையில் தினமும் தேய்த்தும் போகாத அந்த மஞ்சள் கறையின் மேல் பரவியது. முட்டைக் கறை.

தங்கப்பன் துணி வைத்து மூடியைத் திருகினான். கல்யாணராமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முட்டையை விளிம்பில் தட்டி உள்ளே விட்டார். வழவழவென்று ஏதோ விரலில் வழிந்தது. கையை உதறிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

சொட்டு மெலிந்தது. நின்றது. எஞ்சினை எவ்வளவு முடுக்கியும் ஒரு துளி விழவில்லை.

"பாத்தயாடா? பிராமணன் கை பட்டா நிக்கறது!" என்று சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே முகம் மாறியது.

"நான் ஒண்ணு விட்டேன், நின்னுடுத்து. நீ தினம் விட்டயே, அது ஏன்டா நிக்கலை?"

கல்யாணராமன் தரையிலிருந்த கறையை விரலால் தேய்த்து முகர்ந்தார். அடுக்களை வாசனை.

"மஞ்சப்பொடி! மஞ்சப்பொடியைக் கரைச்சு ஊத்திண்டு, முட்டையெல்லாம் எங்கேடா கொண்டு போனே? வித்தயா? தின்னயா?"

தங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன். அப்புறம் பட்டாளத்துல உன்னை எவன் சேத்துக்கறான்னு பாக்கறேன், திருட்டுப் பயலே!" ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

சூடாமணி படியிறங்கி வந்து நடுவில் நின்றாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நீ உள்ளே போ. தெருவுக்குக் கேக்கும்" என்று சீறினார்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னாள்:

"அவனை விடுங்கோ. அத்தனையும் நான் சாப்பிட்டேன்."