திரும்பினால் கூச்சல்

"அசையாம நில்லும்மா. பாவிப் பசங்க, முதுகு பூரா இங்க்கைத் தெளிச்சு வெச்சிருக்குங்களே!"

வகுப்பாசிரியை தன் சொந்தக் கைக்குட்டையையே தண்ணீரில் நனைத்து, பயிற்சிக்கு வந்திருந்த டீச்சரின் முதுகைத் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்கக் கறை அகலமானதே தவிர, போகிற வழியாக இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

மூன்றாம் வகுப்பாம், குழந்தைகளாம்! அத்தனையும் குட்டிச் சாத்தான்கள். முகத்துக்கு நேரே வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் கப்சிப். வகுப்பாசிரியைக்கு 'பெரிய டீச்சர்' என்று மரியாதை. இவளுக்கு மட்டும் 'சுண்டெலி டீச்சர்' என்று பட்டப்பெயர்.

"நாளைக்குத் தலைமையாசிரியை வந்து உக்காரப் போறாங்க மேடம். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் என் படிப்பே முடியும், இங்கயே வேலையும் கிடைக்கும். இதுங்க இப்படிக் கத்தினா என் கதி என்ன ஆகறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்." வகுப்பாசிரியை கைக்குட்டையைப் பிழிந்தார். "தப்பா நினைச்சுக்காதே. உனக்கு இந்த வேலை ஒத்து வராதும்மா. இங்க காலியா இருக்கிற இடத்துக்கு என் கூடப்பிறந்த தங்கச்சி மனுப் போட்டப்பவே, 'வேணாண்டி, இதுங்களோட மாரடிக்க முடியாது'ன்னு சொன்னவ நான். பேசாம உடம்பு சரியில்லைன்னு நாளைக்கு லீவு போட்டுடு. மானமாவது மிஞ்சும்."

"நீங்க லீவு போட்ட அன்னிக்கு மட்டும் மூச்சுக் காட்டாம இருந்துச்சுங்களே மேடம்?"

"அன்னிக்கு நல்ல மழை. எல்லாம் தூங்கி வழிஞ்சிருக்கும்."

இந்தப் பள்ளிக்கூடத்தில் இவர் ஒருத்தராவது ஆறுதலாகப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் லீவு போட மட்டும் மனசு வரவில்லை.

அதட்டிப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. ஒருநாள் ஸ்கேலைக்கூட ஓங்கிவிட்டாள். முதல் பெஞ்சு ரெட்டைச் சடை கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. 'இதுங்களைக் குறை சொல்றியே, நீ என்ன கிழிச்சே? புத்தகத்தைப் பார்த்து ஒப்பிச்சதைத் தவிர?' என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் நேரே குளியலறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, வாளித் தண்ணியில டம்ளரை முக்கி முக்கி எடுக்கறே, பைத்தியமா உனக்கு?" என்றாள் அம்மா.

"என்னைப் பைத்தியமாக்கத்தான் ஒரு வகுப்பே இருக்கே, நீ வேறயா? போம்மா அந்தப் பக்கம்!"

மறுநாள் கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தலைமையாசிரியை, சிரிப்பே வராத முகம். பக்கத்தில் வகுப்பாசிரியை, 'சொன்னேனே, கேட்டியா' என்பதுபோல் பரிதாபமாகப் பார்த்தார். நடுவில் அத்தனை குட்டிச் சாத்தான்களும் முறைத்துக்கொண்டிருந்தன.

வாளியை மேஜைமேல் தூக்கி வைத்தாள். "காத்துக்கு இடம் வேணுமா, வேணாமா?"

"அதுக்கு எதுக்கு டீச்சர் இடம்? அது என்ன வாடகைக்கா குடியிருக்கு?" என்றான் ஓட்டைப்பல்லன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

போன வாரமாக இருந்தால் அவனை வெளியே நிறுத்தியிருப்பாள். "வாடகை குடுக்காமத்தான் குடியிருக்கு. எங்கேன்னு காட்டறேன், வாடா இங்க" என்று அவனையே கூப்பிட்டாள்.

டம்ளருக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்தாள். தலைகீழாகக் கவிழ்த்து, கொஞ்சமும் சாயாமல் தண்ணீருக்குள் அமுக்கினாள். "உள்ள இருக்கிற பேப்பர் நனையுமா, நனையாதா?"

"நனையும்!"

"நனையாது டீச்சர்!"

"போடா லூசு, தண்ணிக்குள்ள போனது எப்படிடா நனையாம இருக்கும்?"

பின்பெஞ்சு மொத்தமும் பெஞ்சின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தது. தலைமையாசிரியைகூடக் கழுத்தை நீட்டினார்.

"நீ இதை அசைக்காம இப்படியே பிடிச்சுக்க" என்று டம்ளரை ஓட்டைப்பல்லனிடம் ஒப்படைத்தாள். "எத்தனை பேர் எந்தக் கட்சின்னு போர்டுல எழுதிக்கறேன். அப்புறம் வெளிய எடுத்துப் பார்ப்போம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எழுத வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். போச்சு, எல்லாம் போச்சு! சாக்பீஸை எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி திரும்பினாள்.

'நனையும்' என்று எழுதினாள். ஒரு சத்தமும் இல்லை. 'நனையாது' என்றும் எழுதி முடித்தாள். அப்போதும் இல்லை. நம்ப முடியாமல் வகுப்பைப் பார்த்தாள்.

ரெட்டைச் சடை மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தது. ஆனால் அது இவளைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி, வகுப்பாசிரியையைப் பார்த்துப் பவ்யமாகக் கேட்டது:

"பெரிய டீச்சர், டம்ளரை வெளிய எடுக்கற வரைக்குமாவது நாங்க கத்தாம இருக்கட்டுமா?"