ஐந்து மணிப் பட்டியல்

"குடல் காயுதும்மா. அந்தப் பொட்டி இன்னுமா துப்பல?"

கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலுமுத்து கேட்டார். இடைசெவல்காரர். மில்லில் பதிலி ஆள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ராதாமணி திரும்பவில்லை. "வரும் அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"பாத்தா வந்துருமா? அது என்ன சினிமாவா?"

பின்னால் கேட்டடியில் நின்ற பதிலி ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பில் சத்துக் குறைவாகத்தான் இருந்தது.

கோவில்பட்டியில் அந்த நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. நிரந்தர ஆள் வராத இடத்துக்குத்தான் பதிலிக்கு வேலை. இன்றைக்கு யார் முறை என்று முன்பெல்லாம் மேஸ்திரி சொல்வார். அவர் வாயிலிருந்து பேர் வர வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குக் கோழி போக வேண்டும், கருப்பட்டி போக வேண்டும். அதை ஒழிக்கத்தான் முதலாளி இந்தப் பெட்டியை வாங்கிப் போட்டார். பகலெல்லாம் ராதாமணி அதில் வேறு வேலை பார்ப்பாள். அடியில் ஒரு புரோகிராம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ராத்திரி ஷிப்டுப் பட்டியலை அதுவாகவே அச்சடித்துத் தள்ளும். ராதாமணி நினைத்தால்கூட அந்த நேரத்துக்கு முன்னால் அதை வெளியே எடுக்க முடியாது.

அன்று காலையில் மதுரையிலிருந்து இன்ஜினியர் சோலைச்சாமி வந்து, பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதியது. பட்டியல் வரவில்லை.

ராதாமணி பிரிண்டர் வயரைக் கழற்றி மாட்டினாள். ரிப்பனை மாற்றினாள். சும்மா நாலு வரி தட்டிப் பார்த்தாள். பிரிண்டர் ஒழுங்காக அடித்தது. பட்டியல் மட்டும் அசையவில்லை.

மேனேஜர் பெருமாள்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நேத்து வரைக்கும் ஓடுனதுதான?"

"ஆமா சார்."

"அப்ப பழைய டிஸ்க்கையே போட்டுப் பாரு."

"போட்டுட்டேன் சார். பழசும் ஓட மாட்டேங்குது."

"அதெப்படி ரெண்டும் ஓடாது? நீ எதையும் அமுக்கித் தொலைச்சியா?"

"நான் எதையும் தொடல சார். மதுரைக்கு டிரங்க் கால் போட்டிருக்கு. எக்ஸ்சேஞ்சுல காத்திருக்கச் சொல்லுதாவ."

பெருமாள்சாமி கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே போனார். வெயிலுமுத்து ஜன்னலில் மறுபடி முகத்தை வைத்தார்.

"தாயி, கையால எழுதிக் குடுத்துரேன்."

"யாரு முறைன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? அது உள்ள பூட்டிக் கெடக்கு. நான் எழுதுனா, நாளைக்கு என்னையத்தான் கோழி வாங்குனான்னு சொல்லுவிய."

"என் வீட்டுல கோழிக்கு எங்க போவ? கோழிக்குப் போட ஒரு மணிக் கம்பு கெடையாது. பருத்தி மொத்தமும் காய்ஞ்சு போச்சு." அவர் குரல் தணிந்தது. "இன்னைக்கு என் முறைம்மா. நான் விரலை மடக்கி எண்ணிக்கிட்டு வாரேன். இதை விட்டா வரிசையில கடைசிக்குப் போயிருவேன். அடுத்த முறை எப்ப வருமோ, அதுவரைக்கும் உலையில எதைப் போட?"

ராதாமணி பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடி புதியதைப் போட்டாள். மெஷினை அணைத்தாள், எழுப்பினாள். திரையில் பச்சைப் புள்ளி ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்.

வெளியே பெருமாள்சாமியின் குரல் கேட்டது. "ஏலே, போதும்டே. ஷிப்டு உங்களுக்காக நிக்காது. பகல் ஆளுகளையே டபுள் டூட்டி பாக்கச் சொல்லியாச்சு. பதிலி எல்லாம் வீட்டுக்குப் போங்க."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. வெயிலுமுத்து கடைசியாகக் கம்பியை விட்டார்.

"ஒரு பொட்டியை மேய்க்கத் தெரியல. உனக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல ஒரு காத்தாடி."

காறித் துப்பிவிட்டு நடந்தார்.  

அவர் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போன் அடித்தது. மதுரை.

"சார், பட்டியல் வரவே இல்ல. பழைய டிஸ்க்கும் ஓடல. பதிலி ஆளுக எல்லாரையும் திருப்பி அனுப்பியாச்சு."

 சோலைச்சாமி பதில் சொல்வதற்குள் பின்னால் பிரிண்டர் கரகரவென்று உறுமியது. யாரும் தொடாமலே தாள் மேலே ஏறியது. ராதாமணி போனைக் காதில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள். ராத்திரி ஷிப்டு. முதல் பெயர், வெயிலுமுத்து.

"சார், இப்ப அடிக்குது. தானா அடிக்குது."

"அடடா, மெஷினுக்கு இப்பத்தாம்மா அஞ்சு மணி. காலையில அதோட கடிகாரத்தைப் பின்னால தள்ளி வச்சேன். பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"எதுக்கு சார் தள்ளுனீங்க?"

"புது புரோகிராம் போடுற பூஜைக்கு நீங்க பூ வாங்கப் போயிருந்தீங்க. வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகு காலம், இப்பத் தொட்டா எங்க சோத்துல மண்ணு விழும்னு, பேப்பர் பெட்டி தூக்கிட்டு வந்தவரு கதவை மறிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. மெஷின்ல மணியப் பத்துன்னு மாத்திக் காட்டுனேன். மெஷினுக்கு நல்ல நேரம்னா போதும்னு அவரே தேங்காயை உடைச்சாரு. இடைசெவல்காரரு, வெயிலுமுத்துன்னு பேரு."

பட்டியல் கணக்குப்படி, வெயிலுமுத்துவுக்கு அந்த மில் ஒரு ராத்திரி வேலை பாக்கி.