நகரியில் ஒரு ஸ்பானிஷ் முழக்கம்

"மணிலாவுல நாலு வருஷம் பேசின பாஷதானே? அதுக்கு ஏன் காலைலேந்து இப்டி சுத்திகினே கீறீங்க? இன்னிக்கு வியாழக்கிழம, நல்லதே நடக்கும். போய் வாங்க" என்றாள் மனைவி ரத்னம்மா.

ஆதிநாராயணன் மடித்த அங்கவஸ்திரத்தைப் பிரித்து மறுபடி மடித்தார்.

ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. எல்லைத் தகராறை விசாரிக்க வந்த அதிகாரிக்கு நகரியில் வரவேற்பு. தமிழில் பேசினால் தெலுங்குக்காரர்கள் எழுந்து போவார்கள்; தெலுங்கில் பேசினால் தமிழர்கள். இங்கிலீஷ் வெள்ளைக்காரனோடு ஒழியட்டும் என்று கதர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே பாஷை, கப்பலில் போய்வந்த ஆதிநாராயணனின் ஸ்பானிஷ். யாருக்கும் புரியாது என்பதே அதன் தகுதி. கூட்டம் நல்லபடி முடிந்தால் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் பதவி அவருக்குத்தான். ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் கண் அதன்மேல்தான்.

மேடையேறினார்.

"லூனெஸ்!" என்று முழங்கினார். "மார்த்தெஸ்... மியெர்க்கொலெஸ்..." என்று தழுதழுத்தார். "வியெர்னெஸ்!" மேசை அதிர்ந்தது. "சாபதோ, தொமிங்கோ" என்று கைகூப்பி உட்கார்ந்தார்.

சுருக்கமான பேச்சுக்குப் பந்தல் அதிரக் கைத்தட்டல். தங்கள் கட்சியைத்தான் ஆதரித்துப் பேசினார் என்று இரண்டு தரப்பும் பூரித்தன.

"கண்ல தண்ணி வந்துட்ச்சி சாமி" என்றார் தறிக்காரர் கங்கையா.

ஆதிநாராயணனுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. நடுவில் ஏதோ நழுவிவிட்டது. எது?

அப்போது அதிகாரி எழுந்தார். மைசூர்க்காரர். தாம் ஸ்பெயின் தேசத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்றும், பேச்சை எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வதாகவும் அறிவித்தார். ஆதிநாராயணனின் கண் பந்தலின் பின்வழியைத் தேடியது. கால்தான் வரவில்லை.

அதிகாரி தமிழில் ஒரு வாக்கியம், தெலுங்கில் ஒரு வாக்கியம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். காளஹஸ்தியில் இருக்கிற சிவன் கும்பிட வருகிறவனிடம் என்ன பாஷை என்று கேட்கிறாரா? ஏழுமலையான் எல்லைக்கல் பார்த்தா வரம் கொடுக்கிறார்? அரைமணி நேரம் ஆயிற்று. முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கட்டிக்கொண்டார்கள். தலைவர் பதவி மேடையிலேயே முடிவாயிற்று.

புதுத் தலைவருக்கு மாலை போடக் குனிந்த அதிகாரி, காதோடு சொன்னார்:

"ஆறு கிழமையும் சுத்தமா சொன்னீங்க சார். இன்னிக்கு வியாழன், அதை மட்டும் விட்டுட்டீங்க."