யூக்கோனுக்குப் போகுமுன்

மே மாதத்திலிருந்தே வீட்டில் யூக்கோன் பேச்சுதான். ஜூலையில், கனடாவின் வடகோடிக் காட்டில் கூடாரமடித்து ஒன்பது நாள். தகுதரன் கரடி விரட்டும் மருந்துவரை வாங்கிவிட்டான். அவன் மனைவி பவித்ராணிக்குத்தான் போக மனமில்லை. ஒருநாள் குளிர் என்றாள், மறுநாள் நுளம்பு கடிக்கும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் கூடாரத்தை வரவேற்பறையிலேயே அடித்துப் பார்த்தான். எட்டு வயது மகள் சாம்பவி உள்ளே புகுந்து படுத்துக்கொண்டாள்.

"அம்மா, உள்ளுக்கு வாங்கோ!"

பவித்ராணி சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் வரேல்லை. அடுப்பில கறி கிடக்கு."

"அடுப்பை நான்தானே நிப்பாட்டினனான்," என்றான் தகுதரன். "ஒருக்காப் படுத்துப் பாருமன்."

"படுத்துப் பாத்தனான்."

"எப்ப?" மகள் தலையை வெளியே நீட்டினாள்.

"நீ பிறக்க முந்தி. ஊரில."

"எத்தினை நாள்?"

"பதினொரு மாசம்."

தகுதரனின் கை கூடாரக் கயிற்றிலேயே நின்றுவிட்டது. ஊரில் போர் முடிந்தபிறகு அகதி முகாமில் இருந்ததாகக் கல்யாணப் பேச்சின்போது ஒரு வரி சொல்லியிருந்தாள். அவனும் அதற்குமேல் கேட்டதில்லை.

"பதினொரு மாசமா!" மகளுக்குப் பொறாமையாக இருந்தது. "ஆரோட போனீங்கள்?"

பவித்ராணி சுவரை விட்டு விலகி வந்தாள். பிறகு குனிந்து உள்ளே நுழைந்து, மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"ஐஞ்சு பேர் போனனாங்கள்," என்று சொல்லத் தொடங்கினாள்.

தகுதரனும் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஊர்ந்து வந்தான்.