உன் சொந்தக்காரர் யார்?

சர்வீஸ் சென்டர் மேசையில் கறுப்பு போனும் நீல போனும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். இரண்டின் திரையிலும் தானாகவே விழுந்த அதே பச்சைக் கோடு. வாரண்டி இன்னும் முடியவில்லை.

சோதனைக் கேபிள் முதலில் கறுப்பைக் கவ்வியது. "உள்ளே கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தது யாரு?" என்று கேட்டது.

"எங்க டீச்சரம்மாதான் சார். கம்பெனி திணிச்ச விளம்பர ஆப் எதையும் அழிக்க முடியல. அதான் பூட்டைத் திறந்து, ரூட் பண்ணி அழிச்சாங்க. அதுக்கும் இந்தக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"கோட்டைப் பத்தி நான் கேட்கவே இல்லையே. உன் சொந்தக்காரர் யாரு?"

"டீச்சரம்மா. அவங்கதானே வாங்கினாங்க?"

"வாரண்டி ரத்து" என்று சொல்லிவிட்டு, கேபிள் நீலத்தின் பக்கம் திரும்பியது.

நீலத்தின் பூட்டை யாரும் தொட்டதில்லை. ஆனால் அதை வைத்திருக்கும் ஆட்டோக்காரர் இருதயராஜ், ரூட் பண்ணுவது எப்படி என்று போன வாரம் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அது இந்தக் கேபிளுக்குத் தெரிந்துவிடுமோ?

"உன் சொந்தக்காரர் யாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சு நுனியில் உட்கார்ந்தபடி இருதயராஜ் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனிதான் சார்" என்றது நீலம். "வெளியே இருக்கிறவர் யாருன்னே எனக்குத் தெரியாது."