வழியில் திரும்பிய சொல்

உறைகுளிரில் கிடந்த ஓர் உலோகத்துக்குள் இரண்டு காந்தச் சுழிகள் இருந்தன. ஒன்று நடுவில், மற்றது ஓரத்தில். அந்த உலோகத்தின் அணுக்கள் இடமும் வலமும் ஒத்துப்போகாமல் அடுக்கியவை. அதற்குள் தூரம் போகும் எந்தச் சொல்லும் வழியிலேயே முறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

நடுச்சுழி ஒரு சிடுமூஞ்சி. “போ!” என்று கத்திக்கொண்டே இருக்கும். ஓரச்சுழியிடம் அந்தச் சொல் “வா!” என்று போய்ச் சேரும். ஓரச்சுழி ஆசையாக ஓடி வரும். கிட்டே வந்ததும் சொல் முறுக்கிக்கொள்ளத் தூரம் இருக்காது, “போ!” என்பதே காதில் அறையும். அழுதுகொண்டே ஓரத்துக்குத் திரும்பும். அங்கே மறுபடியும் “வா!” கேட்கும்.

ஒருநாள் உலோகம், “எனக்குச் சூடு ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் நீங்கள் கரைந்துவிடுவீர்கள்” என்றது.

நடுச்சுழிக்குத் தனியாகச் சாகப் பயம். “வாயேன், என் பக்கத்தில் இரேன்” என்று முதல்முறையாகக் கெஞ்சியது.

ஓரச்சுழிக்கு “போ” என்று கேட்டது. தூரத்திலிருந்தும் அப்படிக் கேட்டது அன்றுதான். “சரி, போகிறேன்” என்று சொல்லிவிட்டு விளிம்பைத் தாண்டி வெளியேறியது.

அந்தச் சொல்லும் வழியில் திரும்பியது. “இதோ வருகிறேன்” என்று கேட்ட நடுச்சுழி, கரைகிறவரைக்கும் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தது.