இடது கன்னம்

"டாக்டர் வாயால சொல்லிட்டாங்கன்னா அப்புறம் பேச்சே கிடையாது. நாளைக்கே அந்த வேலைய விட்டுட்டு ஒழுங்கா வீட்டுல இருந்து சமைக்கற. சரின்னு சொல்லு."

தோல் மருத்துவரின் அறைக்கு வெளியே, காத்திருந்தவர்கள் காதில் விழும்படிதான் சொன்னான் கணவன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றாள். அவளுக்குப் பிடித்தது என்று மிச்சமிருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

கொஞ்ச மாதமாக அவன் முகத்தில் மணலைத் தூவியதுபோலச் சின்னச் சின்னக் கட்டிகள். சிவக்கவும் இல்லை, பழுக்கவும் இல்லை, என்ன செய்தாலும் இடத்தைக் காலி செய்யவும் இல்லை. நாற்பதை நெருங்கும்போது பருவா என்று ஆபீசில் சிரித்தார்கள். அங்கே வாயைத் திறக்கத் துணிச்சலில்லாத மகராசன், வீட்டுக்கு வந்து மனைவியின் சமையல்தான் காரணம் என்று பிடித்துக்கொண்டான்.

"மாசத்துல பாதி நாள் வெளியூர்லதானே சாப்பிடறீங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அங்கெல்லாம் சுத்தமா சமைக்கறாங்க" என்று வாயை அடைத்துவிட்டான்.

அவளைப் பார்த்தாலே இப்போதெல்லாம் அவனுக்கு இளக்காரம். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். தினமும் தண்ணீரில் ஊற வேண்டியிருக்கிறதே என்று, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். 'காய்ந்த தேங்காய் நார் மாதிரி ஒரு தலை. இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது' என்று நினைத்தபடியே உள்ளே போனான். அவளை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டான்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணைச் சுற்றிச் சுருக்கம், முன்தலையில் நரை. தன் மூஞ்சியையே பார்த்துக்கொள்ள வக்கில்லாதவள் நம் மூஞ்சியை என்ன கிழிக்கப்போகிறாள் என்று அவனுக்கு அவரிடமும் எகத்தாளம்தான்.

அவர் விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அழுத்தித் தேய்ப்பீங்களா சார்?"

"பின்ன? சொரசொரன்னு ஒரு சோப்பு வெச்சு நேரம் கிடைக்கறப்ப எல்லாம் தேய்க்கறேன். அழுக்கு போகணுமில்ல?"

"இது அழுக்கு இல்ல. தோல்ல இருக்கற துவாரம் அடைச்சுக்கிட்டு, உள்ளயே கட்டியா நிக்குது. தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகும். கிள்ளவும் கூடாது."

"சரி, அடைச்சது எது? சாப்பாடுதானே?"

"சாப்பாடுன்னா இப்படி ஒரு பக்கமா வராது சார். உங்களுக்கு இடது கன்னம், இடது தாடை மட்டும்தான். சட்டையக் கொஞ்சம் தளர்த்துங்க... பாருங்க, இடது தோள்லயும் இருக்கு. வலது பக்கம் சுத்தமா இருக்கு. தலைக்கு என்ன தடவறீங்க?"

அவன் தன் வழுக்கைத் தலையைத் தட்டிக் காட்டினான். "எங்க தடவறது? கண்ணு தெரியுதில்ல உங்களுக்கு?"

மருத்துவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப காரணம் உங்ககிட்ட இல்ல. உங்க கூட இருக்கறவங்ககிட்ட..."

அவனுக்கு வாயெல்லாம் பல். "அதைத்தான் நான் அப்பவே சொன்னேன். இருங்க, அவளையே கூப்பிடறேன். அவ காதுபட சொல்லுங்க" என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். "ஏய், உள்ள வா. உன் லட்சணத்த டாக்டர் சொல்றாங்க, வந்து கேளு."

அவள் நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். மருத்துவர் குனிந்த தலை நிமிராமல் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி முகம் கழுவித் துடைச்சிட்டு இந்தக் களிம்ப மெல்லிசா தடவணும் சார். உடனே போயிடாது, ரெண்டு மூணு மாசமாவது பொறுமையா போடணும். ஆனா மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையிலதான் இருக்கும்மா."

"நல்லாக் கேட்டுக்கோ" என்றான் அவன்.

"சமையலை எல்லாம் மாத்த வேண்டாம்மா. தலை நிறைய எண்ணெய் வெச்சுக்கிட்டு இவர் தோள்ல சாஞ்சு படுக்கறீங்க பாருங்க, அத மட்டும் நிறுத்துங்க. அந்த எண்ணெய்தான் இவர் கன்னத்துலயும் தோள்லயும் ஊறி அடைச்சிருக்கு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்த மருத்துவரின் பார்வை, எதிரே நின்றவளின் தலையில் போய் அப்படியே நின்றது.

மனைவி பையைக் கீழே வைத்தாள். ஒட்ட வெட்டிய முடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, பிசுக்கில்லாத அந்தக் கையை மருத்துவரிடம் விரித்துக் காட்டினாள்.

"அந்தத் தலை என்னோடது இல்ல டாக்டர்."